பேர் தெரியாத மீன்

பள்ளத்தூரில் ஹோட்டலாக மாறிவிட்ட பெரிய வீடுகளில் ஒன்றில் கோட்டைச்சாமி வேலை பார்க்கிறார். பேருக்கு எலக்ட்ரீஷியன். குழாய் ஒழுகினாலும், மழைக்குக் கதவு இறுகிக்கொண்டாலும், மோட்டார் அறையில் ஓணான் செத்துக் கிடந்தாலும் அவரைத்தான் தேடுவார்கள். நாற்பத்தெட்டு வயது. அதிர்ந்து பேச மாட்டார். ஏணியில் நிற்கும்போது கீழே இருந்து யாராவது யோசனை சொன்னால் மட்டும் பிடிக்காது.

போன வருடம் ஆடி மாதத்தில், மாடியில் பூட்டியே கிடந்த ஓர் அறையைத் திறந்து சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. வீட்டுக்குச் சொந்தக்காரரான மெய்யநாதன் சென்னையில் இருக்கிறார். ஹோட்டலை நடத்துவது அவருடைய மகள் சௌபர்ணிகா. கட்டடக்கலை படித்தவள், முப்பத்திரண்டு வயது. பெட்டிக்குள் பட்டு இருக்கும், வெள்ளி இருக்கும் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, திறந்து பார்த்தால் காய்ந்த வேப்பிலைக்கு நடுவே பெரிய பெரிய தாள்கள். எண்ணினால் இருபத்தெட்டு. ஒவ்வொரு தாளிலும் ஒரு கடல் உயிர். செதில் செதிலாக, முள் முள்ளாக வரைந்து அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டியவை. அடியில் சாய்வெழுத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர்.

சௌபர்ணிகாவின் கொள்ளுத்தாத்தா பினாங்கில் தொழில் செய்தவர். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியதாக இருக்கும் என்று மெய்யநாதன் போனில் சொன்னார். எதற்காக வாங்கினார் என்று அவருக்கும் தெரியவில்லை. யாரும் மீன் சாப்பிடாத குடும்பம்.

படங்களைக் காரைக்குடிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் அடித்து வாங்கி வந்தாள் சௌபர்ணிகா. சாப்பாட்டு ஹாலின் இரண்டு பக்கச் சுவரிலும் பக்கத்துக்குப் பதினான்காக மாட்ட வேண்டும் என்றாள். ட்ரில் மிஷினைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள்.

கோட்டைச்சாமி சுவரைத் தடவிப் பார்த்தார். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர். தொட்டால் பீங்கான் மாதிரி குளிர்ந்திருக்கும்.

"ஆச்சி, இதுல ட்ரில் போட்டோம்னா ஓட்டையச் சுத்தி ஓடு ஓடாப் பேந்துரும். பெறகு அந்தப் பூச்சு பூச இப்ப ஆள் இல்ல."

வயது எதுவானாலும் அந்த மாதிரி வீட்டுப் பெண்களை ஆச்சி என்பதுதான் ஊர் வழக்கம்; அப்படிக் கூப்பிட்டால் சென்னையில் வளர்ந்த சௌபர்ணிகா ஆரம்பத்தில் நெளிவாள். இப்போது பழகிவிட்டது.

"அப்போ எப்படிண்ணே மாட்டுறது?"

"பொறுங்க" என்று சொல்லி ஏணி போட்டு ஏறினார். சுவரும் மேல்தளமும் சேருகிற இடத்தில், பல வருடச் சுண்ணாம்பு அடிப்பில் மறைந்துபோன ஒரு மரச்சட்டம் நீளமாக ஓடியது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். முழத்துக்கு ஒன்றாக இரும்புக் கொக்கிகள் தட்டுப்பட்டன. முந்தின காலத்தில் சாமி படங்களும் குடும்பப் படங்களும் தொங்கிய கொக்கிகள். அதிலிருந்து கம்பி இறக்கி, ஒவ்வொரு படமும் சாப்பிட உட்காருகிறவரைக் குனிந்து பார்ப்பது போலச் சற்றே முன்னால் சாயும்படி மாட்டினார். மூன்று நாள் ஆனது. நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஒரு படம் அரை விரல் ஏறி இருந்தாலும் இறக்கி மாட்டினார்.

படம் எல்லாம் ஏறிய பிறகுதான் அடுத்த பிரச்சினை வந்தது. சாப்பிட வருகிறவர்கள் ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்டார்கள். அடியில் இருந்த லத்தீன் பெயர் யாருக்கும் உதவவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதிச் சின்னப் பித்தளைத் தகடு வைக்கலாம் என்று சௌபர்ணிகா முடிவு செய்தாள். ஆங்கிலப் பெயரை எல்லாம் எப்படியோ தேடிப் பிடித்துவிட்டாள். அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தமிழாக்கியபோது கடல் அட்டை 'கடல் வெள்ளரிக்காய்' ஆனது. மூக்கில் ரம்பம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மீன் 'பார்த்த மீன்' என்று வந்தது. ரம்பத்துக்கும் பார்த்ததற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாராவது கடலோரத்து ஆளுங்க தெரியுமாண்ணே? அவங்க என்ன பேர் சொல்றாங்களோ அதையே போட்டுடலாம்."

கோட்டைச்சாமி கையில் இருந்த கம்பியைச் சுருட்டி முடித்துவிட்டு, "எங்க வீட்டுல கேட்டுப் பாக்குறேன் ஆச்சி" என்றார்.

அவருடைய மனைவி நாகவல்லி தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். இருபது வருடத்துக்கு முன்னால் அங்கே தொகுப்பு வீடுகள் கட்டினபோது, காண்டிராக்டரோடு வயரிங் வேலைக்குப் போனவர் கோட்டைச்சாமி. நான்கு மாதம் அங்கே இருந்தார். தண்ணீர் கேட்ட வீட்டில் பழக்கம் ஏற்பட்டு, வேலை முடிந்து திரும்பும்போது இருவருக்கும் பிரிய மனமில்லை. இவர் விவசாயக் குடும்பம், அவள் மீன்பிடிக் குடும்பம். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. காரைக்குடியில் பதிவு செய்து கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். மகள் சந்திரலேகா பிறந்ததும் இவருடைய வீட்டார் தொட்டில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். அவளுடைய அப்பா நம்புராசன் அப்படி இல்லை. "எனக்கு ஒரு மகன் மட்டும்தான்" என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னவர், சொன்னதுதான். இரண்டு மணி நேர பஸ் தூரம். இருபது வருடத்தில் ஒரு தரம்கூட யாரும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மட்டும் நாகவல்லியின் தம்பி முத்தரசு, யார் யாரிடமோ நம்பர் வாங்கிக் கோட்டைச்சாமிக்குப் போன் செய்தான். "அம்மா போயிருச்சு. மூணு நாளாச்சு. சொல்லணும்னு தோணுச்சு" என்றான். பிறகு வைத்துவிட்டான். அந்த நம்பரைக் கோட்டைச்சாமி 'தொண்டி' என்று பதிந்து வைத்தார். அதற்குப் பிறகு மூன்று போன் மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் முதலில் மாற்றுகிற நம்பர் அதுதான். நாகவல்லிக்கும் அது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நேமத்தான்பட்டியில் அவர்கள் இருக்கிற வீட்டின் முன்னறையில் நாகவல்லி தையல் மிஷின் போட்டிருக்கிறாள். ஜாக்கெட், பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். கடலைப் பற்றிப் பேச மாட்டாள். கண்மாய் மீன் வந்தால் வாங்குவாள். சந்தையில் கடல் மீன் இருந்தால் ஐஸ் போட்டது என்று சொல்லி நடந்துவிடுவாள். அவளுக்குப் பிடிக்காது போல என்றுதான் கோட்டைச்சாமி நினைத்திருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனில் எடுத்திருந்த படங்களைக் காட்டினார்.

"ஆச்சி பேரு கேக்குறாக. ஒனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லு. தெரியலைன்னாலும் ஒண்ணுமில்ல."

நாகவல்லி மிஷினை நிறுத்தினாள். போனை வாங்கி முதல் படத்தைப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"இது ஓட்டுக்கணவாய்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உள்ள வெள்ளையா ஒரு ஓடு இருக்கும். கரையில ஒதுங்கிக் கெடக்கும், கிளி வளக்குறவுக வந்து பொறுக்கிட்டுப் போவாக." அடுத்த படத்துக்குத் தள்ளினாள். "இது பேய்க்கணவாய். எட்டுக் காலு. இது கிளாத்தி. தோலை உரிச்சுட்டுத்தான் ஆக்கணும், செருப்புத் தோலு மாதிரி இருக்கும். எங்க எடுத்தீக இந்தப் படத்தை? முள்ளு ஒண்ணொண்ணும் எண்ணலாம் போல."

மகள் சந்திரலேகா கல்லூரி நோட்டு ஒன்றை எடுத்து வந்து எழுத உட்கார்ந்தாள். சொறி, அதாவது ஜெல்லி மீன். சிலுவை நண்டு. ஐவிரல் சங்கு. அஞ்சாளை. முள்ளம்பேத்தை. கடல் வெள்ளரிக்காய் என்று கோட்டைச்சாமி சொன்னபோது நாகவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெள்ளரிக்காயா? அது அட்டைங்க. தண்ணியில இருந்து எடுத்தா சுருண்டுக்கும்."

அதற்கு மேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா அப்படிச் சிரித்து சந்திரலேகா அதிகம் பார்த்ததில்லை.

ஒரே நாளில் முடிக்கவில்லை. சாயங்காலம் மூன்று நான்கு படம் என்று ஒரு வாரம் போனது. ஒவ்வொரு பெயரோடும் ஏதாவது ஒரு சின்ன விஷயம் ஒட்டிக்கொண்டு வந்தது. திருக்கை வால் முள் குத்தித் தம்பிக்குக் கால் வீங்கியது. கடல் குதிரையைக் காயவைத்துத் தீப்பெட்டியில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனது. ஆவுளியா ஒன்று கரைக்கு வந்தபோது அம்மா மடியில் இருந்த கைக்குழந்தையோடு ஓடிப்போய் நின்றது. ஆவுளியா என்றால் கடல் பசு என்று அவளே விளக்கினாள். 'அம்மா' என்ற சொல் வந்ததும் சற்று நிறுத்தினாள். பிறகு "அடுத்ததைக் காட்டுங்க" என்றாள்.

நான்கு படங்களைப் பார்த்ததுமே, இவை நம் பக்கத்துக் கடலில் கிடையாது, எந்தக் குளிர்ந்த சீமையிலோ இருப்பவை, ஆங்கிலப் பெயரையே போடச் சொல்லுங்கள் என்று ஒதுக்கிவிட்டாள். இருபத்துமூன்றுக்குப் பெயர் சொன்னாள். கடைசியில் ஒன்று நின்றது. சுறா மாதிரி உடம்பு, முகத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் பல் வைத்த நீளமான ரம்பம். கம்ப்யூட்டர் 'பார்த்த மீன்' என்று சொன்ன அதே மீன்.

அதை நாகவல்லி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தெரியல" என்றாள்.

"ரம்ப மீன்னு போட்டுறலாம்னு ஆச்சி சொல்றாக."

"அப்படிப் போடக்கூடாது. கடக்கரையில இதுக்கு வேற பேரு இருக்கு. எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது."

மறுநாளும் தெரியவில்லை என்றாள். அதற்கு அடுத்த நாளும். இருபது வருடத்தில் மறந்துபோயிருக்கும் என்று கோட்டைச்சாமி நினைத்தார். விட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி நம்பர் இருக்கா ஒங்ககிட்ட?"

"இருக்கு."

"போட்டுக் குடுங்க. மீனு பேரைக் கேட்டுருவோம்."

கோட்டைச்சாமி 'தொண்டி' என்ற நம்பரைத் தேடி அழுத்தினார். ஒன்பது வருடம் ஆகிவிட்டது, நம்பர் மாறியிருக்கலாம். மாறவில்லை. மணி அடித்தது. போனை அவள் கையில் கொடுத்தார். ஸ்பீக்கரைப் போட்டது அவளா அவரா என்று பிறகு இருவருக்கும் நினைவில்லை.

"யாரு?" என்றது ஒரு ஆண் குரல். பின்னால் காற்று இரைந்தது.

"முத்தரசு, நான் நாகவல்லி பேசுறேன்."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. ஒரு ஆடு கத்தியது.

"சொல்லுக்கா" என்றான்.

"ஒண்ணும் இல்லடா. ஒரு மீனுக்குப் பேரு கேக்கணும்."

"மீனுக்கா?"

"இவுக வேலை பாக்குற எடத்துல ஒரு படம் இருக்கு. சுறா மாதிரி ஒடம்பு. மொகத்துக்கு முன்னால ரம்பம் கணக்கா நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு பக்கமும் பல்லு. அது பேரு தெரியாம இருக்கோம்."

முத்தரசு போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. யார் என்று ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. முத்தரசு ஏதோ சொன்னான். அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்கள் என்று கோட்டைச்சாமி நினைத்து எட்டிப் பார்த்தார். போன் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"வேளா" என்றது அந்தக் கிழட்டுக் குரல், மிக அருகில்.

நாகவல்லி அசையவில்லை.

"வேளா மீனு. இப்ப எங்க இருக்கு, கண்ணுலயே படுறதில்ல. பேரு வேளா. எழுதிக்கிட்டியா?"

"எழுதிக்கிட்டேன் ஐயா."

அவள் கையில் பேனா இல்லை. கோட்டைச்சாமி மிஷின் மேல் கிடந்த அளவு நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"வேற எதுக்கும் பேரு வேணுமா?" என்று கேட்டார் நம்புராசன்.

"வேணும் ஐயா. நெறைய இருக்கு."

"அப்ப நாளைக்குக் கேளு. நான் வீட்டுலதான் இருப்பேன்."

போன் நின்றது. நாகவல்லி அதை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சற்றுக் கழித்து நோட்டைத் திறந்து, ஜாக்கெட் அளவுகளுக்குக் கீழே 'வேளா' என்று எழுதினாள்.

மறுநாள் அதே நேரத்தில் போன் செய்தாள். ஏற்கனவே தெரிந்த கிளாத்திக்கே பெயர் கேட்டாள். அடுத்த நாள் சொறிக்கு. நம்புராசனும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார். பெயரைச் சொல்லிவிட்டு, "சாப்டியா?" என்பார். நான்காம் நாள் பேத்தியின் பெயரைக் கேட்டார். சந்திரலேகா என்று சொன்னதும், "நீளமா இருக்கே" என்றார். ஐந்தாம் நாள் மீன் எதுவும் இல்லாமலே பேசினார்கள்.

அன்றைக்குத்தான் நாகவல்லி கேட்டாள். "அம்மா என்னையப் பத்தி எதுவும் சொல்லுச்சா ஐயா, கடைசியா?"

நம்புராசன் வெகுநேரம் இருமினார்.

"ஒன்னையப் பத்திப் பேச நான் விடல தாயி" என்றார். "அதுக்குப் பேச ஆசைதான். நான்தான் விடல."

அவள் சரி ஐயா என்றாள். அன்றைக்கு மிஷினில் உட்கார்ந்தவள் ஒரு ஜாக்கெட்டின் கையை இரண்டு தரம் தப்பாகத் தைத்துப் பிரித்தாள். கோபமா என்று கோட்டைச்சாமி கேட்டார். கோபம் இருக்கிறது, ஆனால் அவர் பொய் சொல்லவில்லையே என்றாள்.

பித்தளைத் தகடுகள் புரட்டாசி முதல் வாரத்தில் தயாராகி வந்தன. கடலோரப் பெயர்களைப் பார்த்து சௌபர்ணிகாவுக்கு ஒரே சந்தோஷம். இந்தப் பெயர்கள் எப்படிக் கிடைத்தன என்று கேட்டாள். கோட்டைச்சாமி பாதியைச் சொன்னார். மீதியை அவளே ஊகித்துக்கொண்டாள் போல. "அவங்க அப்பாவை ஒரு நாள் வரச் சொல்லுங்கண்ணே. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லட்டும். நம்ம ஹால்லயே சாப்பாடு" என்றாள்.

வருவார் என்று நாகவல்லி நம்பவில்லை. ஆனால் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளத்தூர் பஸ் நிறுத்தத்தில் நம்புராசனும் முத்தரசும் இறங்கினார்கள். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. கிழவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கறுத்து, வற்றி, ஆனால் முதுகு நேராக இருந்தது. பதினான்கு வயதில் விட்டு வந்த தம்பிக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. நாகவல்லி அவன் முகத்தைப் பார்ப்பதும் அப்பாவின் காலைப் பார்ப்பதுமாக நின்றாள். கிழவர் அவள் தலையில் கை வைத்தார். கை வைத்தவர் எடுக்க மறந்தது போல வைத்தபடியே நின்றார். டீக்கடைக்காரர் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்.

கோட்டைச்சாமி நான்கடி தள்ளி நின்றிருந்தார். இத்தனை வருடமும் அவர் மனதில் ஒத்திகை பார்த்த மன்னிப்பு வார்த்தைகள் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கிழவர் அவரை ஒரு தரம் பார்த்தார். நால்வரும் ஹோட்டலுக்கு நடந்தார்கள்.

ஹாலுக்குள் நுழையும் முன் நம்புராசன் செருப்பை வெளியே விட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. முதல் படத்தில் இருந்து ஆரம்பித்து, கோவில் பிராகாரம் சுற்றுவது போல நிதானமாகச் சுற்றினார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நாகவல்லி பக்கத்தில் நின்று தகட்டை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள். அவர் தலையாட்டினார். சௌபர்ணிகா நோட்டோடு பின்னால் வந்தாள்.

ஓட்டுக்கணவாய் படத்தின் முன்னால் நின்றார்.

"வரைஞ்சவரு கெட்டிக்காரரு. ஆனா செத்த உருப்படியப் பாத்து வரைஞ்சிருக்காரு."

"எப்படிச் சொல்றீங்க ஐயா?" என்று கேட்டாள் சௌபர்ணிகா.

"கணவாய் உசுரோட இருக்கயில ஒரு நெறத்துல நிக்காதும்மா. நீங்க பாத்துக்கிட்டு இருக்கயிலயே மாறும். வரி வரியா ஓடும். செத்த பெறகுதான் இப்படி ஒரே நெறமா நிக்கும். கண்ணையும் பாருங்க, மூடாக்குப் போட்ட மாதிரி இருக்கு. பிடிச்சு ரெண்டு நா ஆயிருக்கும்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். இருபத்தெட்டு உயிர்களும் கடலில் என்ன நிறத்தில் இருந்தன என்று யாருமே வரையவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆவுளியாவைப் பார்த்ததும் கிழவர், "இதை ஏன் சிரிக்க வச்சிருக்காரு?" என்று கேட்டார். அந்தப் படத்தில் கடல் பசுவுக்கு மனிதர் மாதிரி வாய். முத்தரசு சத்தமாகச் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டான்.

எதிர்ச் சுவரில் நடுவில் வேளா இருந்தது. அங்கே வந்ததும் நம்புராசன் நின்றார். நாகவல்லி தகட்டை வாசிக்கவில்லை. இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். பிறகு கிழவர் திரும்பி, வாசல் பக்கம் ஒதுங்கி நின்ற கோட்டைச்சாமியைப் பார்த்தார்.

"மாப்ள, படமெல்லாம் நீங்க மாட்டுனதா?"

"ஆமாங்க."

"அம்புட்டும் நேரா இருக்கு" என்றார்.

கோட்டைச்சாமி மேலே கொக்கியில் ஒரு கம்பியைச் சரி பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் அந்த ஹாலிலேயே இலை போட்டார்கள். சந்திரலேகாவும் காரைக்குடிக் கல்லூரியில் இருந்து வந்து சேர்ந்தாள். தாத்தாவும் பேத்தியும் முதலில் ஒருவரை ஒருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டார்கள். பாயசம் வந்தபோது அவர் தன்னுடையதை அவள் பக்கம் நகர்த்தினார். சக்கரை இருக்கு எனக்கு, நீ குடி என்றார்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது முத்தரசும் கோட்டைச்சாமியும் தனியாக நின்றார்கள். முத்தரசு குழாயை மூடிவிட்டுச் சொன்னான்.

"மச்சான், ஒண்ணு சொல்லவா? வேளாக் கொம்பு, அதான் அந்த ரம்பம், எங்க வீட்டு நடையில தொங்குது. அக்கா பொறந்த வருசம் ஐயா பிடிச்சது. நாங்க ரெண்டு பேரும் அதைப் பாத்துத்தான் வளந்தோம். அக்கா அதுல ரிப்பனைக் கட்டித் தொங்கவிட்டு எத்தனை தடவை அடி வாங்கியிருக்கு தெரியுமா?"

கோட்டைச்சாமிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"அப்ப அவளுக்கு அந்தப் பேரு..."

"மறக்குற பேரா அது? கடக்கரையில கைப்புள்ளைக்குத் தெரியும். அன்னைக்குப் போனு வந்தப்ப நான் பதில் சொல்லப்போனேன். ஐயா பிடுங்கிக்கிட்டாரு. பேசி முடிச்சுட்டு ரொம்ப நேரம் அந்தக் கொம்பைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. 'கேக்குறதுக்கு ஒரு பேரு தேடியிருக்கா பாரு, இருக்கறதுலயே தெரிஞ்ச பேரா'ன்னாரு."

கோட்டைச்சாமி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்குள் அந்த ஊர் எவ்வளவு பத்திரமாக இருந்தது என்று தனக்குத் தெரியவில்லையே என்று அவருக்குத் தோன்றியது. சந்தையில் கடல் மீனைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது பிடிக்காமல் அல்ல. ஒன்பது வருடமும் அந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கேட்பதற்குத்தான் ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவர் தன் பாட்டுக்குச் சுவரில் படம் மாட்டினார். காரணத்தை அவள் அதில் இருந்து எடுத்துக்கொண்டாள்.

முத்தரசு சொன்னதை அவளிடம் அவர் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. ஹோட்டலுக்கு வருகிற யாராவது வேளாவைக் காட்டிக் கேட்டால், "இதுக்கு மட்டும் எங்க வீட்டுல பேரு தெரியாமப் போச்சுங்க. எங்க மாமனாருதான் சொன்னாரு" என்பார்.

தை பிறந்ததும் நாகவல்லி தன் ஊருக்குப் போனாள். கோட்டைச்சாமிதான் கொண்டுபோய் விட்டார். ஒரு நாள் தங்கினார். மாமனார் அவரைக் கடலுக்குள் வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனார். இவர் வாந்தி எடுத்ததைக் கிழவர் கரையில் யாரிடமும் சொல்லவில்லை. நாகவல்லி அம்மாவைப் புதைத்த இடத்துக்குத் தம்பியோடு போய்வந்தாள். போகும்போது இருந்த முகமும் வரும்போது இருந்த முகமும் வேறாக இருந்தன. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் வந்து அவளை நடுவில் உட்கார்த்திக்கொண்டார்கள். அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கோட்டைச்சாமிக்குப் பாதி புரியாத கடற்கரைப் பேச்சாகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டே முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேலை இருந்ததால் அவர் மட்டும் திரும்பி வந்தார். மூன்று நாளில் வந்துவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது.

"ஏங்க, ஒரு ரெண்டு நாள் கூட இருந்துட்டு வரட்டா? ஐயா வேண்டாம்னுதான் சொல்றாரு. ஆனா மொகத்தைப் பாத்தா இருந்துட்டுப் போன்னு இருக்கு."

"இரு. பொறுமையா வா."

"சாப்பாட்டுக்கு என்ன பண்றீக?"

"ரசம் வச்சுட்டேன். அப்பளம் இருக்கு."

"மிளகாய்ப் பொடி மேல் தட்டுல இருக்கு. தைச்ச ஜாக்கெட்டு ரெண்டு மஞ்சப் பையில இருக்கு, மணிமேகலை வந்தா எடுத்துக் குடுங்க."

"குடுக்குறேன்."

பேசி முடித்துவிட்டு அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தார். சந்திரலேகா கல்லூரியில் இருந்து வந்து பையை இறக்கினாள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள்.

"வருவா. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் குறைத்து வைத்தார்.